நாரை அட்டை

வீட்டுக்கு வாங்குவதற்கு இனி எதுவும் மிச்சமில்லை என்பதுதான் வெண்டல் குபிசெக்குக்கு வந்த சங்கடம்.

சனிக்கிழமை காலை. ஜன்னலுக்கு வெளியே ஒமாஹாவின் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அவர் கைப்பேசியைச் சர்க்கரைக் கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்து, அதில் தெரிந்த நீல வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வட்டம் பாதிக்குச் சற்று மேல் நிறைந்திருந்தது. நடுவில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது. வட்டம் முழுதாக நிறைந்தால் அது சிறகு விரிக்கும் என்று வங்கி வாக்களித்திருந்தது.

ஹெரான் ஏர் என்னும் விமான நிறுவனம் தன் பெயர் பொறித்து வெளியிட்ட பயணக் கடனட்டை அது. நவம்பர் கடைசியில் வாங்கியது. மூன்று மாதத்துக்குள் ஆறாயிரம் டாலருக்கு அதைத் தேய்த்துவிட்டால் வட்டம் நிறையும். நிறைந்தால், கால் நீட்டிப் படுத்துக்கொண்டே லிஸ்பன் போகும்படி இரண்டு இருக்கைகளுக்குப் புள்ளிகள் சேரும். முப்பதாவது திருமண நாளுக்கு மனைவி ஆர்லீனைக் கடல் தாண்டி அழைத்துப்போவதாக வெண்டல் சொல்லியிருந்தார். இதே வாக்கை இருபதாவதுக்கும் இருபத்தைந்தாவதுக்கும் கொடுத்திருந்தார். அப்போது வேறு அட்டைகள். லிஸ்பனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே: அந்த நாரை ஐரோப்பாவில் இறங்குவது அங்கு மட்டும்தான்.

வெண்டலின் உத்தியோகம், சோள வயல்களுக்கு நீர் தெளிக்கும் சக்கரக் குழாய்களின் உதிரிபாகங்களைத் தொலைபேசியில் விற்பது. அதற்காக அவர் ஒருநாளும் எங்கும் பறக்க வேண்டியிருந்ததில்லை. அடிக்கடி பறக்கிறவர்கள் இந்த அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடுகிறார்கள். பறக்காதவர்கள்தாம் அவற்றின் விதிகளைப் பாராயணம் செய்கிறார்கள்.

"ஆர்லீன், நமக்குப் புதுசா ஒரு மைக்ரோவேவ் வேணுமா?"

"போன வாரம் வாங்கினதையே இன்னும் பெட்டியிலேர்ந்து எடுக்கலை."

"அது மேல் மாடிக்குன்னு வெச்சுப்போமே."

"மேல் மாடியில யாரு சமைக்கறா?"

ஆர்லீன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நூலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். குரலை உயர்த்தாத வழக்கம் அங்கிருந்தே அவளோடு வந்திருந்தது.

"நிஜமாச் சொல்லு வெண்டல். இந்தக் கார்டு தேறுமா?"

"தேறுமாவா! பெட்டி இலவசமா ஏத்திக்கலாம். வரிசையில நிக்க வேண்டாம். விமான நிலையத்துல ஓய்வறை, சூப்பு, சாய்வு நாற்காலி, எல்லாம் சும்மா."

"வருஷக் கட்டணம்?"

"அதை அப்படிப் பார்க்கக் கூடாது."

"எப்படிப் பார்க்கணும்?"

"வருஷத்துக்கு நாலு தடவை பறந்தா கட்டணம் தன்னால கழிஞ்சுபோயிடும்."

"நாம எத்தனை தடவை பறக்கறோம்?"

"பறந்தான்னுதானே சொன்னேன்."

ஆர்லீன் ரொட்டியை நான்காக வெட்டினாள். "கோரின் கூப்பிட்டா. வசந்தத்துக்கு டூசான் வரச் சொல்றா. ஆரஞ்சு மரமெல்லாம் பூக்கப்போகுதாம். ஒரே ஒரு தடவை, காசு கொடுத்து டிக்கெட் வாங்கிட்டுப் போனா என்ன?"

கோரின் அவள் தங்கை. வெண்டல் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்தார். அவமதிக்கப்பட்டவரின் நிதானத்தோடு சொன்னார்: "காசு கொடுத்து எவன் வேணா போவான், ஆர்லீன்."

அவள் நான்கு துண்டில் ஒன்றை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் பறவைகளுக்குப் போட்டாள்.

அன்று மாலையே வழி ஒன்று பிறந்தது. வெண்டல் விளையாடும், பந்துருட்டிக் கட்டை சாய்க்கும் போலிங் குழுவின் ஆண்டு விருந்து, ஊர் எல்லையில் இருந்த மாட்டிறைச்சி உணவகத்தில் நடக்கவிருந்தது. மனைவிமாரையும் சேர்த்துப் பதினாறு பேர். மொத்த பில்லையும் நாரை அட்டையில் தேய்த்துவிட்டு, அவரவர் பங்கைப் பணமாக வாங்கிக்கொள்வது. வட்டமும் நிறையும், கைக்காசும் போகாது. இதை இத்தனை நாள் எப்படி யோசிக்காமல் இருந்தோம் என்று தம்மையே கடிந்துகொண்டார்.

அந்த ஊரில் பதினாறு பேர் சாப்பிட்டால் பதினாறு பில் வரும். கணவனும் மனைவியும்கூடச் சில சமயம் தனித்தனியே கட்டுவார்கள். அதைக் கஞ்சத்தனம் என்று யாரும் நினைப்பதில்லை; பிறரைக் கடன்பட வைக்காத மரியாதை அது. அதன் மறுபக்கமும் எல்லாருக்கும் தெரியும்: ஒருவன் 'ஒரே பில், என்னிடம் கொடு' என்று சொன்னால், அன்று அவன் விருந்து வைக்கிறான். பிறகு பங்கு கேட்பது, கல்யாணத்துக்குக் கொடுத்த பரிசைத் திருப்பிக் கேட்பது போல.

வெண்டல் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். இருந்தும், பரிமாற வந்த பெண் "தனித்தனி பில்லா, ஒண்ணா?" என்று கேட்டபோது, நீல வட்டத்தின் நினைவில், "ஒண்ணா போடும்மா, எங்கிட்டே கொடு" என்று உரக்கச் சொல்லிவிட்டார்.

பதினைந்து தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

குழுத் தலைவர் வெர்ஜில் ஸ்ட்ரோ, லாரி பழுதுபார்க்கும் கடைக்காரர், நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"டேய், காதுல விழுந்துதாடா? வெண்டல் நமக்கெல்லாம் வாங்கித் தரான்! நம்ம வெண்டல்! அம்மா, அந்த மெனுவை இப்படிக் கொடு, நான் கோழி சொன்னதை மாத்திக்கறேன்."

"இல்லை வெர்ஜில், நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணும் சொல்லாதே. அடக்கம் பேசாதே. இருபது வருஷமா உன்னைக் கருமின்னு சொல்லிட்டிருந்தேன். உன் முகத்துக்கு நேரா இல்லை, முதுகுக்குப் பின்னாலதான். அதுக்காக இப்ப எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன்."

பதினைந்து பேர் கைதட்டினார்கள். ஏழு பேர் கோழியை விலை உயர்ந்த பெருநண்டாக மாற்றிக்கொண்டார்கள். வெண்டலின் வாயில் 'பங்கு' என்ற சொல் வந்து நின்றது; அதை ஒரு மடக்குப் பீரோடு விழுங்கினார்.

நண்டு ஓடு உடைபடும் சத்தத்துக்கு நடுவே வெர்ஜில் கேட்டார்: "நீதான் இதுல நிபுணன். அந்த விமானக் கார்டெல்லாம் நிஜமா தேறுமாடா?"

வெண்டலுக்கு உயிர் வந்தது. இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு கதை இருந்தது. எந்தக் கூட்டத்திலும் அவர் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

"கேளு. மூணு வருஷம் முன்னாடி இவ அப்பா டூசான்ல போயிட்டார். மறுநாள் டிக்கெட் என்ன விலைங்கறே? ஆளுக்கு எண்ணூறு டாலர். சாவுக்குப் போறவன்னு தெரிஞ்சா கொள்ளையடிப்பானுங்க. நான் விடுவேனா? ராத்திரி முழுக்க உக்கார்ந்து தேடினேன். சார்லட், அங்கேயிருந்து டாலஸ், அங்கேயிருந்து டூசான். முழுக்க பாயிண்ட்லயே. சார்லட்ல ராத்திரி தங்கல்; ஓய்வறையில இறால் சூப்பு, குளிக்க வெந்நீர், துண்டுகூட சூடாக் கொடுத்தான். ஒரு டாலர் செலவில்லை!"

"மேற்கே போறதுக்குக் கிழக்கே போனீங்களா?" என்றார் வெர்ஜில்.

"பாயிண்ட் அங்கேதானே இருந்துது."

வெர்ஜில் ஆர்லீன் பக்கம் திரும்பினார். "அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தீங்களாம்மா?"

"நாற்காலியை மடக்கிட்டிருந்தாங்க" என்றாள் ஆர்லீன். "நாங்களும் கூட மாட ரெண்டு மூணு மடக்கினோம்."

யாரோ இருமினார்கள். "ஆனா அந்தச் சூப்பு!" என்றார் வெண்டல்.

பில் வந்தது. வட்டம் துள்ளி ஏறியது. அந்த மாதக் கணக்கைக் கட்டும்போது தம் சேமிப்பிலிருந்து கட்ட வேண்டியிருக்கும் என்பதை வெண்டல் வீடு திரும்பும் வழியில் உணர்ந்தார். ஆர்லீன் கார் ஓட்டினாள்.

இழந்ததை ஈடுகட்ட ஒரு பெரிய, பயனுள்ள செலவு தேவைப்பட்டது. யோசித்தபோது மாடு நினைவுக்கு வந்தது.

ஒமாஹா இருக்கும் நெப்ராஸ்கா மாநிலத்தில் குடும்பஸ்தன் பாதி மாடு வாங்குவது சாதாரணம். பண்ணைக்காரரிடம் சொல்லிவைத்தால் அறுத்து, துண்டு போட்டு, வெள்ளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தருவார். ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. வெண்டலின் வாடிக்கையாளர் ஓட்டோ பிராண்டிலிடம் அப்போது ஒரு பாதி மிச்சமிருந்தது. குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று.

"கார்டா?" என்றார் ஓட்டோ. "என்னைப் பார்த்தா பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கா?"

"உங்க பொண்ணு சந்தையில ஜாம் விக்கறப்போ கார்டு தேய்க்கற சின்ன மெஷின் வெச்சிருக்காளே."

"அதுல நூத்துக்கு மூணு டாலர் பிடிப்பான். உன் கொக்குக்கு நான் எதுக்குத் தீனி போடணும்?"

"அது கொக்கு இல்லை, நாரை. அந்தத் தீனியை நானே போடறேன்."

"ரொக்கமா கொடுத்தா உனக்குத்தானே லாபம்?"

"ஓட்டோ, நீங்க அதை அப்படிப் பார்க்கக் கூடாது."

ஓட்டோ அவரை, சோளக்கொல்லையில் வழி தவறி வந்த கன்றைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, மகளைக் கூப்பிட்டார்.

பாதி மாட்டுக்கு உறைபெட்டி வேண்டும். வெண்டலுக்கு அதில் இரட்டை மகிழ்ச்சி. மாட்டுக்கு ஒரு செலவு, அதை வைக்க இன்னொரு செலவு. கடையில் இருந்ததிலேயே பெரியதை வாங்கினார். வட்டம் கிட்டத்தட்ட மூடிக்கொண்டது. ஒரு விரல்நகத்து அகலம்தான் பாக்கி. அன்று இரவு அவர் ஆர்லீனிடம் லிஸ்பனின் டிராம் வண்டிகளைப் பற்றி விரிவாகச் சொன்னார். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

மறுநாள் உறைபெட்டி வந்தது. நிலவறைக் கதவு அதைவிட நான்கு விரற்கடை குறுகல்.

"கதவைக் கழட்டிப் பாருங்க" என்றார் வெண்டல்.

"கழட்டியாச்சு சார்" என்றான் இறக்க வந்தவன். "சுவரைத்தான் கழட்டணும்."

"வாங்கறதுக்கு முன்னாடி அளந்தியா?" என்று ஆர்லீன் உள்ளேயிருந்து கேட்டாள்.

வெண்டல் வட்டத்தை மட்டுமே அளந்திருந்தார். ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. ஜனவரியில் நெப்ராஸ்கா முழுவதுமே ஓர் உறைபெட்டி. வண்டிக் கொட்டகையில் வைத்தால் மாடு கல்லாகக் கிடக்கும். எதற்குத் தண்டச் செலவு? பெட்டியைத் திருப்பி அனுப்பினார். பொட்டலங்களைக் கொட்டகையில் அடுக்கினார். கடைக்காரர் நாணயஸ்தர், அன்றே பணத்தை அட்டைக்குத் திருப்பிவிட்டார்.

சாயங்காலம் வெண்டல் கைப்பேசியைத் திறந்தபோது வட்டம் பின்வாங்கியிருந்தது. திருப்பிய பொருள் செலவில் சேராது என்பது விதிகளிலேயே மிகத் தெளிவான விதி. அதை அவரே இணையத்தில் பலருக்கு விளக்கியிருந்தார்.

அடுத்த வாரம் தெற்கேயிருந்து வெதுவெதுப்பான காற்று கிளம்பியது. பிப்ரவரியில் அப்படி ஒரு வெயிலைத் தாம் பார்த்ததில்லை என்று வானிலைக்காரர் குதூகலித்தார். கூரை விளிம்புகளில் பனி சொட்டியது. கொட்டகையில் வெள்ளைப் பொட்டலங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

வெண்டல் ஒரு கைவண்டியில் இறைச்சியை ஏற்றிக்கொண்டு தெரு முழுவதும் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். விற்கலாம் என்ற எண்ணம் முதல் வாசலிலேயே செத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி, "வெர்ஜில் சொன்னார், நீங்க ரொம்ப மாறிட்டீங்கன்னு" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். யாரும் வாங்கிய பாத்திரத்தைச் சும்மா திருப்பாத தெரு அது. அந்த வாரம் முழுவதும் பதிலுக்குப் பழப் பணியாரங்களும் அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்குத் தட்டுகளும் வந்து குவிந்தன. வீட்டில் சாப்பாட்டுச் செலவே இல்லாமல் போயிற்று. வட்டம் அசையவில்லை.

பிப்ரவரி கடைசியில் கெடு முடிகிறது. வெண்டல் சமையலறை மேசையில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். எதிரே யாரோ கொடுத்த பூசணிப் பணியாரம், தொடப்படாமல்.

"வட்டம் நிறையலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள் ஆர்லீன்.

"எல்லாம் போச்சு. பாயிண்ட் போச்சு, லிஸ்பன் போச்சு. கட்டணம் கட்டினது, மாடு, நண்டு, எல்லாம் வீண்."

"டிக்கெட் வாங்கிட்டு..."

"காசு கொடுத்தா? இவ்வளவுக்கு அப்புறமா? அப்ப நான் என்ன முட்டாளா, ஆர்லீன்?"

அவள் பூசணிப் பணியாரத்தை ஓரமாக நகர்த்தினாள். பிறகு கேட்டாள்: "எனக்குன்னு ஒரு கார்டு வாங்கிக் கொடுத்தியே, அது எங்கே?"

அட்டை வாங்கிய முதல் வாரமே வெண்டல் அவள் பெயருக்கும் ஒன்று தருவித்திருந்தார். துணை அட்டைக்குத் தனிப் புள்ளிகள் உண்டு. அவள் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. ரப்பர் வளையங்களும் தீர்ந்துபோன பாட்டரிகளும் கிடந்த இழுப்பறையில், நாரை மல்லாந்து கிடந்தது.

"இதுல தேய்ச்சாலும் உன் வட்டம் நிறையுமா?"

"நம்ம வட்டம், ஆர்லீன்! நிறையும்!"

"என்ன வேணா வாங்கலாமா?"

"எது வேணா."

"எதுக்குன்னு கேக்க மாட்டியே?"

"நாரை கேக்கறதில்லை, நானும் கேக்க மாட்டேன். இது சத்தியம்."

அவள் அட்டையை, எப்போதும் போட்டிருக்கும் கம்பளிச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் காருக்கு நான்கு டயரும் புதிதாக மாற்றிக்கொண்டு வந்தாள். வெண்டல் வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டார். அதற்கடுத்த நாள் பல் மருத்துவரிடம் போய், பல வருஷமாகத் தள்ளிப்போட்டிருந்த பல்லுக்கு உறை போட்டுக்கொண்டாள். பிறகு முடி திருத்திக்கொண்டாள். காது மடல் தெரிந்தது. அவளுக்குக் காது மடல் இருந்ததை வெண்டல் மறந்திருந்தார். ஒருநாள் பெரிய நீலப் பெட்டியோடு வந்தாள்.

"ஒண்ணுதானா?" என்றார் வெண்டல். "ரெண்டு வாங்கியிருக்கலாமே. ரெண்டு பேர் போறோமே."

"உன்கிட்டேதான் அந்தப் பழுப்புப் பெட்டி இருக்கே. நல்லாத்தானே இருக்கு."

அவள் சொன்ன விதத்தில் ஒரு கனிவு இருந்தது. வெண்டல் நெகிழ்ந்தார். அவள் பாத்திரம் துலக்கும்போது மெல்ல முணுமுணுத்துப் பாடுவதையும் கேட்டார். முப்பது ஆண்டு விளக்கியும் புரியாத ஒன்று கடைசியில் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. ஒரு கடனட்டை வீட்டுக்குள் இப்படி ஒரு வசந்தத்தைக் கொண்டுவரும் என்பதை விளம்பரத்தில்கூட யாரும் சொல்லவில்லையே என்று வியந்தார். வெர்ஜிலைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "தேறும்டா, நிச்சயம் தேறும்" என்றார்.

ஆயினும் வட்டம் முழுதாக மூடவில்லை. கெடுவுக்கு முந்தைய நாள் மதியம், ஆர்லீன் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"உன் வட்டத்தைப் பாரு, வெண்டல்."

பார்த்தார். வட்டம் மூடியிருந்தது. நாரை இன்னொரு காலையும் ஊன்றி, சிறகை விரித்து, திரைக்கு வெளியே பறந்துபோனது. வெண்டல் மேசையைச் சுற்றி ஒரு முறை ஆடினார், மைக்ரோவேவ் பெட்டியில் இடித்துக்கொண்டார், அதற்கும் சிரித்தார்.

"ஒரே தடவையிலா! எங்கே?"

"டவுன்ல. ஒரு ஆபீஸ்."

"எந்த ரகத்துல வரும்? சாப்பாடா, பயணமா?"

"சேவைன்னு போட்டுக்கோயேன்."

"ச்சே! சேவைக்கு டாலருக்கு ஒரு பாயிண்ட்தான். அதே ஹோட்டலா இருந்தா மூணு."

"அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

"பிடிக்கலைன்னு திருப்பிக் கொடுத்துடாதே. திருப்பினா வட்டம் இறங்கிடும்."

"திருப்பறதா இல்லை" என்றாள் ஆர்லீன். கையுறையை ஒரு விரல் ஒரு விரலாகக் கழற்றினாள்.

சமையலறையைப் புதுப்பிக்க யாருக்கோ முன்பணம் கொடுத்திருப்பாள் என்று வெண்டல் ஊகித்தார். கேட்கவில்லை. முப்பது ஆண்டில் அவளுக்குக் கொடுத்த வாக்குகளில் அவர் முழுமையாகக் காப்பாற்றியது அது ஒன்றே.

அந்த ஞாயிறு அவள் டூசானுக்குப் புறப்பட்டாள். காரில்.

"ரெண்டு நாள் ஓட்டணும், ஆர்லீன். பொறு, டென்வர் வழியா பாயிண்ட்ல ஏதாவது கிடைக்குதான்னு பார்க்கறேன். மே மாசத்துல நிச்சயம் இருக்கும்."

"டயர் புதுசு. நான் ஓட்டிக்கறேன்."

நீலப் பெட்டி பின்னால் ஏறியது. அவள் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இந்தா. இதோட வேலை முடிஞ்சுது."

"வெச்சுக்கோ! வழியெல்லாம் பெட்ரோல் போடணுமே. பெட்ரோலுக்கு ரெண்டு பாயிண்ட்!"

"பெட்ரோலுக்கு என்கிட்டே காசு இருக்கு."

புதன்கிழமை புள்ளிகள் வந்து சேர்ந்தன. வெண்டல் அந்தக் கணமே செப்டம்பரில் இரண்டு இருக்கைகளைப் பிடித்தார், அவர் பெயரில் ஒன்று, ஆர்லீன் பெயரில் ஒன்று. மாற்ற முடியாது, திரும்பப் பெற முடியாது என்ற பெட்டியில் குறியிட்டார். பிறகு டூசானுக்குத் தொலைபேசினார்.

"ஆர்லீன்! கிடைச்சுடுச்சு! பக்கத்துப் பக்கத்து இருக்கை. பலகை மாதிரி விரியும், போர்வை தருவான், படுத்துக்கிட்டே போகலாம்!"

மறுமுனையில் ஏதோ பறவை கத்தியது. அங்கே ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

"நல்லது வெண்டல். நீ நல்லாப் படுத்துக்கோ."

"உனக்குச் சந்தோஷமா இல்லையா?"

"இருக்கு" என்றாள் அவள். அது உண்மை என்பது குரலிலேயே தெரிந்தது. "நாளைக்கு வீட்டுல இருப்பியா? ஒரு கவர் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கணும்."

வெண்டலுக்கு அது என்னவென்று தெரியும். வட்டத்தை நிறைத்தவர்களுக்கு ஹெரான் ஏர் நிறுவனம், பெட்டியில் தொங்கவிட, பெயர் பொறித்த தோல் வில்லைகளை ஆள் மூலம் அனுப்பும். மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னார். சவரம் செய்துகொண்டார். பழுப்புப் பெட்டியை மாடியிலிருந்து இறக்கித் தூசு தட்டி, வில்லை மாட்ட வசதியாகக் கைப்பிடி வெளியே தெரியும்படி கூடத்தில் நிறுத்தினார்.

பத்து மணிக்கு மணி அடித்தது. சாம்பல் நிறக் கோட்டு அணிந்த இளம்பெண் ஒருத்தி, காலணியில் சேறும் பனியுமாக வாசலில் நின்றாள். கையில் தடித்த உறை.

"வெண்டல் குபிசெக் நீங்கதானே சார்? இங்கே ஒரு கையெழுத்து."

"போடறேன், போடறேன். உங்களுக்காகத்தான் காலையிலேர்ந்து உக்கார்ந்திருக்கேன்." அழகாக, முழுப் பெயரும் போட்டார். "எல்லாரும் கேட்டாங்க, இந்தக் கார்டு தேறுமா தேறுமான்னு. என் மனைவியே முதல்ல நம்பலை, தெரியுமா? கடைசியில வட்டத்தை முடிச்சு வெச்சதே அவதான்." உறையைத் தடவிப் பார்த்தார், வில்லைகள் இருக்க வேண்டிய கனம் இல்லை. "ரெண்டு இருக்கா? ஆர்லீன் பேருக்கும் ஒண்ணு போட்டிருக்காங்களா?"

அந்தப் பெண் கூடத்தில் நின்ற பழுப்புப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னாள்:

"இது விவாகரத்து மனு சார், எங்க வக்கீல் பீஸை எப்பவும் செக்காத்தான் வாங்குவாங்க, உங்க மனைவிதான் ஒரேயடியா நின்னுட்டாங்க, 'கார்டுலதான் தேய்ப்பேன், முப்பது வருஷத்துல அவர் என்கிட்டே மனசாரக் கேட்டது இது ஒண்ணுதான்'னு."